சில்லறையில் கிடைத்தது பிழை நாணயமா, தேய்ந்த அச்சா, அடிபட்டதா? கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

1955ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தில் இரண்டு வகை 'இரட்டை' உண்டு. ஒன்று பிலடெல்பியா நாணயச் சாலையில், நாணயத்தை அடிக்கும் எஃகு அச்சைத் தயாரிக்கும்போதே நேர்ந்த பிழை. வருடம், லிபர்ட்டி என்ற சொல், தலைக்கு மேலே ஓடும் வாசகம் என எல்லா எழுத்தும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். 20,000க்குச் சற்று அதிகமானவை புழக்கத்துக்குப் போயின என்பது பொதுவான கணக்கு. உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். இன்னொன்றில் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும். அது அச்சு தேய்ந்துபோனதால் வந்தது. அதை 'ஏழையின் இரட்டை அச்சு' என்று பெயர் வைத்தே விற்றார்கள்.

ஒரே வருடம், ஒரே மதிப்பு, பார்வைக்கு இரண்டிலும் 'இரட்டை'. ஒன்று பொக்கிஷம், மற்றது தேய்மானம். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டால் பிழை நாணயத் தேடலில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, நாணயச் சாலையை விட்டு வெளியே வந்தபின் பட்ட அடியை அடையாளம் காண்பது.

எந்த நாணயத்தைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன வித்தியாசம்?" என்பதல்ல. "இது எப்போது நடந்தது?" என்பதுதான். அச்சு விழுவதற்கு முன்பா, விழும் அந்த நொடியிலா, விழுந்து முடிந்த பிறகா? முதல் இரண்டில் ஒன்று என்றால் அது பிழை நாணயமாக இருக்கலாம். மூன்றாவது என்றால் அது சேதம் மட்டுமே, எவ்வளவு விநோதமாக இருந்தாலும் சரி.

நாணயம் பிறக்கும் விதம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம். உலோகப் பட்டையிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுகிறார்கள். சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, இன்னொரு இயந்திரத்தில் இறுக்கி உருட்டி ஓரத்தை மேடாக்குகிறார்கள். பிறகு அந்த வில்லை கீழச்சுக்கும் மேலச்சுக்கும் நடுவே, காலர் என்ற எஃகு வளையத்துக்குள் உட்காருகிறது. ஒரே அடி. தலையும் பூவும் பக்கவாட்டு வரிகளும் அந்த ஓர் அடியில் ஒன்றாக உருவாகிவிடுகின்றன. இன்றைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 700க்கும் மேல் அடிக்கின்றன. ஓர் அச்சு லட்சக்கணக்கான அடிகளைத் தாங்குகிறது.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாவது, நாணயத்தில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். அச்சில் விரிசல் விட்டால் அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏறி, நாணயத்தில் மேடான கோடாக வரும். இரண்டாவது, தலையும் பூவும் ஒரே நேரத்தில் அடிபடுவதால், ஒரு பக்கத்தில் உண்மையான பிழை இருந்தால் மறுபக்கமோ பக்கவாட்டோ பெரும்பாலும் அதற்குச் சாட்சி சொல்லும். சேதத்துக்கு அப்படிச் சாட்சி இருக்காது.

தேவையான சாமான்கள்

5 முதல் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம், சாய்த்து வைக்கக்கூடிய ஒற்றை விளக்கு. இவை போதும். விட்டம் அளக்க வெர்னியர் இருந்தால் நல்லது. கணினியில் செருகும் மைக்ரோஸ்கோப்பை ஆரம்பத்தில் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. 200 மடங்கில் பார்த்தால் எந்த நாணயமும் பிழை நாணயமாகத்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி, அதே மதிப்பில், முடிந்தால் அதே வருடத்தில் வந்த சாதாரண நாணயம் ஒன்று. எழுத்தின் தடிமனும் எண்களின் இடைவெளியும் இயல்பில் எப்படி இருக்கும் என்று தெரியாமல், எது மாறியிருக்கிறது என்று சொல்லவே முடியாது.

படி 1: எடை

லென்ஸை எடுக்கும் முன் தராசில் வையுங்கள். அந்த நாணயத்துக்குரிய அதிகாரபூர்வ எடை இணையத்தில் கிடைக்கும். அமெரிக்க கால் டாலர் 5.67 கிராம். அதில் செம்பு நடுவிலும் செம்பு-நிக்கல் கலவை இருபுறமும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மேலடுக்கும் மொத்த எடையில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே ஒரு பக்கம் செம்பு நிறமாக இருக்கும் கால் டாலர் சுமார் 4.7 கிராம் இருந்தால், அது மேலடுக்கு இல்லாமலே அடிக்கப்பட்ட பிழையாக இருக்க வாய்ப்புண்டு. 5.6 கிராமுக்கு மேல் காட்டினால் மண்ணிலோ ரசாயனத்திலோ கிடந்து நிறம் மாறியது, அவ்வளவுதான்.

எடை குறைந்தாலே பிழை என்றும் முடிவுகட்டக் கூடாது. அமிலத்தில் போட்ட நாணயமும் மெலியும். அதில் எழுத்து, விளிம்பு, பக்கவாட்டு வரி எல்லாம் ஒரே சீராகக் கரைந்து, சோப்புக்கட்டிபோல வழவழப்பாக இருக்கும். மெல்லிய வில்லையில் அடித்த உண்மையான நாணயத்தில் விவரங்கள் மங்கலாக இருந்தாலும், பரப்பில் அச்சடித்த பளபளப்பு இருக்கும்.

காந்தத்தின் வேலை இன்னும் எளிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்பைச் சேமிக்க, 1943ஆம் ஆண்டு ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்புக் கலவை வில்லையில் அடிபட்ட சில நாணயங்கள் இன்று பெரும் புகழ் பெற்றவை. செம்பு நிறத்தில் 1943 கிடைத்தால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் அது எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசியது. ஒட்டாவிட்டால் எடை பாருங்கள், 3.11 கிராமை ஒட்டி வரவேண்டும். அதுவும் சரியாக இருந்தால் 3 என்ற எண்ணை லென்ஸில் பாருங்கள். 1948ன் 8ஐச் செதுக்கி 3 ஆக்கியவர்கள் உண்டு.

படி 2: மேடா, பள்ளமா?

விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். சந்தேகமான கோட்டின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் அது மேடா பள்ளமா என்பது தெரிந்துவிடும். மேடான கோடு என்றால் அச்சில் விரிசலோ கீறலோ இருந்திருக்கிறது. பள்ளமான கோடு பெரும்பாலும் வெளியில் பட்ட கீறல்.

கீறலை லென்ஸில் நெருங்கிப் பாருங்கள். உழுத நிலத்தில் சாலின் இரு கரையிலும் மண் எழும்பி நிற்குமே, அதேபோல் பள்ளத்தின் ஓரங்களில் உலோகம் எழும்பி நிற்கும். கூரான எதுவோ இழுத்த தடம் அது. உலோகம் எங்கும் போகவில்லை, ஒதுங்கி நிற்கிறது. அடிக்கும் நேரத்தில் நூலோ கம்பித் துண்டோ அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே சிக்கினாலும் பள்ளம் விழும். அது பிழைதான். ஆனால் அந்தப் பள்ளத்தின் கரைகளில் உலோகம் எழும்பியிருக்காது, ஓரங்கள் மழுங்கி ஒழுங்காக இருக்கும், உள்ளே பரப்பு சுத்தமாக இருக்கும்.

படி 3: இரட்டை

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது என்பதால் நின்று நிதானமாகவே பார்க்கவேண்டும். ஒரே எண் இரண்டாகத் தெரிய மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு.

முதலாவது, உண்மையான இரட்டை அச்சு. அச்சு என்பது மேடான உருவம் கொண்ட ஹப் என்ற எஃகுத் துண்டை, வெறும் எஃகில் அழுத்தி உருவாக்குவது. முன்பு ஒரே அழுத்தலில் உருவம் முழுதாக இறங்காது. எடுத்து, சூடேற்றி, மறுபடி வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை துளி திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இரட்டை, அதே இடத்தில், அதே அளவில் வரும். அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் ஒரே அழுத்தல் முறைக்கு மாறிவிட்டார்கள். அதற்குப் பிந்தைய இரட்டை அச்சுகள் பெரும்பாலும் சிறியவை, நாணயத்தின் நடுப்பகுதியை ஒட்டியே இருக்கும். ஆகவே புதிய நாணயம் ஒன்றில் ஓரத்து எழுத்தெல்லாம் பெரிதாக இரட்டித்திருக்கிறது என்று யாராவது காட்டினால் சந்தேகத்தோடே பாருங்கள்.

இரண்டாவது, இயந்திர இரட்டை. அச்சு இயந்திரத்தில் இறுக்கமாக இல்லாதபோது, அடித்து முடித்த கணத்தில் அது லேசாக நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்துத் தள்ளிவிடும். இது அச்சில் இருக்கும் பிழை இல்லை. அடுத்தடுத்த நாணயங்களில் கூடும், குறையும், காணாமலும் போகும். மிக மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. சேகரிப்பாளர்கள் இதற்குத் தனி மதிப்பு தருவதில்லை.

மூன்றாவது, தேய்மான இரட்டை. கிழடுதட்டிய அச்சில் எழுத்துகளின் ஓரங்கள் அரித்துக் கரைந்து, நாணயத்தில் ஊதிப்போன நிழல்போல விழுவது. 1955ன் 'ஏழையின் இரட்டை' இந்த வகை.

இப்போது வருடத்தில் உள்ள 9 என்ற எண்ணை லென்ஸின் நடுவில் கொண்டுவாருங்கள். சாதாரண நாணயத்தின் 9ஐயும் பக்கத்தில் வையுங்கள். எண் இயல்பைவிடத் தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா? இதுதான் தீர்ப்புச் சொல்லும் கேள்வி. இரட்டை அச்சில் முழு உருவத்தோடு இன்னொரு உருவம் சேர்கிறது, ஆகவே மொத்த அகலம் கூடும். இரண்டு உருவமும் மேற்புறம் உருண்டு, முழுமையாக இருக்கும். எழுத்துகளின் முனைகளில் பாம்பு நாக்குபோல ஒரு பிளவு தெரியும். இயந்திர இரட்டையில் இருந்த எண்ணின் ஒரு பக்கம்தான் நசுங்குகிறது. ஆகவே எண் மெலிந்து, அதன் அடியில் தட்டையான ஒரு படிக்கட்டு நிற்கும். அந்தப் படி விளக்கொளியில் கண்ணாடிபோல மின்னும், உயரம் குறைவு, பெரும்பாலும் எல்லா எழுத்திலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். தேய்மான இரட்டையிலோ பிளவும் இருக்காது, படியும் இருக்காது. ஓரம் எது என்றே சொல்ல முடியாமல் எண் வீங்கியிருக்கும்.

நான் முதன்முதலில் காகித உறைக்குள் பத்திரப்படுத்திய 'இரட்டை' ஒரு படிக்கட்டு. அதை உண்மையான இரட்டை அச்சு நாணயம் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான், தடிப்பதற்கும் மெலிவதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் ஏறியது. படித்து வருவதைவிடப் பார்த்து வரும் அறிவு இது. படிக்கட்டு நாணயம் ஒன்றைத் தூக்கி எறியாமல் ஒப்பிட்டுப் பார்க்கவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒன்று, முலாம் பூசிய நாணயங்களுக்கு மட்டும் உரியது. 1982ஆம் ஆண்டின் நடுவில் அமெரிக்க ஒரு சென்ட் செம்புக் கலவையிலிருந்து செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் அந்த மெல்லிய முலாம் கிழிந்தால், சாம்பல் நிறத் துத்தநாகம் கோடாக எட்டிப்பார்க்கும். அதை இரட்டை என்று நினைத்துவிடுவார்கள். முலாமுக்கு அடியில் காற்று சிக்கிக் கொப்புளங்களும் வரும். ஊசிமுனையால் லேசாக அழுத்தினால் கொப்புளம் அமுங்கும், அச்சிலிருந்து வந்த மேடு அமுங்காது. அழுத்துவது நாணயத்தில் தடம் பதிக்கும் என்பதால், மதிப்பில்லாத ஒன்றில் மட்டும் இதைச் செய்து பழகுங்கள்.

படி 4: தேய்ந்தது அச்சா, நாணயமா?

மங்கலான நாணயம் கிடைத்தால் விளக்கடியில் மெதுவாகச் சுழற்றுங்கள். கை படாத புதிய நாணயத்தில் ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிவரும். விவரம் மங்கி, இந்தச் சுழலும் ஒளி மட்டும் முழுதாக இருந்தால், நாணயம் தேயவில்லை, அச்சுதான் தேய்ந்திருக்கிறது. கைமாறிக் கைமாறித் தேய்ந்த நாணயத்தில் கன்ன எலும்பு, தலைமுடி போன்ற உயரமான இடங்களில் முதலில் ஒளி செத்துவிடும்.

தேய்ந்த அச்சுக்கு இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஒவ்வோர் அடியிலும் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. லட்சக்கணக்கான அடிகளில் அந்த ஓட்டம் எஃகையே அரித்துத் தடம் போட்டுவிடும். நாணயத்தில் அது நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் மெல்லிய வரிகளாகத் தெரியும். எழுத்தின் அடிப்பகுதி விளிம்பை நோக்கி இழுபட்டிருக்கும். வெற்றுப் பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும்.

எழுத்தே காணாமல் போயிருந்தால்? அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் உலோகத்தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து விழாது. 2005ஆம் ஆண்டின் கான்சாஸ் கால் டாலர் சிலவற்றில், கடவுளை நம்புகிறோம் என்ற வாசகத்தின் டிரஸ்ட் என்ற சொல்லில் முதல் டி அடைபட்டு, துருப்பிடிப்பதைக் குறிக்கும் ரஸ்ட் என்ற சொல்லாகிவிட்டது. இப்படி அடைபட்ட இடத்தில் பரப்பு வழவழப்பாக, பக்கத்துப் பரப்போடு ஒரே ஒளியோடு இருக்கும். யாராவது சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் நுண்கீறல்கள் குவிந்திருக்கும், ஒளி உடைந்திருக்கும். இப்படி ஓர் எழுத்து அடைபட்ட நாணயங்கள் நிறையக் கிடைக்கும். பெரும்பாலானவற்றுக்கு மதிப்பு சொற்பமே.

தேய்ந்த அச்சு எப்போதும் குப்பை என்றும் சொல்லிவிட முடியாது. 1922இல் ஒரு சென்ட்டை டென்வர் நாணயச் சாலை மட்டுமே அடித்தது. ஆகவே எல்லா நாணயத்திலும் டென்வருக்கான டி குறி இருந்தாக வேண்டும். ஆனால் அச்சுகளை அளவுக்கு மீறி உழைக்கவிட்டதில் சிலவற்றில் டி மங்கிப்போனது, சிலவற்றில் அறவே இல்லை. சேகரிப்பாளர்கள் முதன்மையாகக் கொண்டாடுவது, தலைப்பக்கம் மங்கி டி சுவடே இல்லாமல், பூப்பக்கம் மட்டும் கூர்மையாக விழுந்த வகையை. ஒரு பக்கம் தேய்ந்த அச்சு, மறுபக்கம் புது அச்சு என்ற அந்தச் சேர்க்கைதான் அதன் சாட்சி. டியைச் சுரண்டி எடுத்த போலிகளை வடிகட்ட இது உதவுகிறது.

படி 5: வெளியில் பட்ட அடி

சேதத்தின் வகைகளுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப வந்து ஏமாற்றுபவை சில உண்டு.

துணி உலர்த்தும் பெரிய இயந்திரத்தின் டிரம்மில் சிக்கி மாதக்கணக்கில் உருண்ட நாணயம் அவற்றில் ஒன்று. விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு தடித்து, விட்டம் குறைந்து, ஓரத்து எழுத்துகள் விளிம்புக்கு அடியில் போயிருக்கும். பார்க்க அபூர்வமாகத்தான் இருக்கும். எடை கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், பக்கவாட்டு வரிகள் அடியோடு போயிருக்கும்.

இரண்டு நாணயங்களைச் சேர்த்து வைத்து இடுக்கியில் இறுக்கியோ சுத்தியலால் அடித்தோ செய்தவை அடுத்தது. ஒன்றின் எழுத்து மற்றதில் பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிப் பதிந்திருக்கும். நாணயச் சாலையில் உண்மையாகவே இரண்டு முறை அடிபட்ட நாணயத்தில் இரண்டாவது உருவமும் மேடாக, சரியான திசையில் இருக்கும். முன்பு அடித்த நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதியும் பிழையிலும் எழுத்து திரும்பிப் பள்ளமாக விழும், அது உண்மை. ஆனால் அந்த உருவம் பெரும்பாலும் முகம் முழுக்கப் பரவியிருக்கும், அதற்கடியில் சாதாரண உருவம் நசுங்கிக் கிடக்காது, மறுபக்கம் இயல்பாக அடிபட்டிருக்கும்.

இரண்டு தலை நாணயத்தை மந்திர வித்தைக்காரர்களுக்கென்றே செய்கிறார்கள். ஒரு நாணயத்தைக் குடைந்து, இன்னொன்றைக் கடைந்து உள்ளே பொருத்துவது. விளிம்பின் உள்வட்டத்தை லென்ஸில் சுற்றிவந்தால் மயிரிழைபோல ஒரு பொருத்துக்கோடு தெரியும். மேசையில் போட்டால் ஓசையும் செத்திருக்கும். இவை போக, தங்க முலாம், நாணயங்களை அடுக்கிக் காகிதச் சுருளாகக் கட்டும் இயந்திரம் போட்ட வட்டக் கீறல், வெப்பத்தில் கறுத்த நிறம், சாலையில் கிடந்து பட்ட காயம் எல்லாமே சேதம்தான்.

படி 6: உண்மைப் பிழையின் சாட்சி

சேதமில்லை என்று தோன்றினால், மறுபக்கத்தையும் பக்கவாட்டையும் பார்த்துச் சாட்சி தேடுங்கள்.

ஓரத்தில் பிறைபோல வெட்டுப்பட்ட நாணயத்தில், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். வில்லையின் ஓரத்தை மேடாக்கும்போது ஒரு பக்கம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் கிடைக்காது. ஆகவே அங்கே விளிம்பு மங்கியோ இல்லாமலோ இருக்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் வெட்டை நோக்கி லேசாக இழுபட்டிருக்கும். கத்தரித்த நாணயத்தில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும், எழுத்து பாதியில் அறுபட்டு நிற்கும்.

விளிம்பையொட்டி உருவமே இல்லாத மேட்டுக்கட்டி இருந்தால், அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருக்கலாம். அங்கே உலோகம் மேலேறிவிட்டதால், மறுபக்கத்தில் அதே இடம் மங்கலாக இருக்கவேண்டும். மறுபக்கம் பளிச்சென்று இருந்தால் யாரோ பற்றவைத்த உலோகமாக இருக்கலாம்.

காலர் வளையம் இல்லாமல் அடிபட்ட நாணயம் விட்டம் பெருத்து, பக்கவாட்டு வரி இல்லாமல் இருக்கும். எழுத்துகள் முழு உயரத்தோடு நிற்கும். சுத்தியலால் தட்டிப் பெருக்கியதில் எழுத்துகள் தட்டையாகியிருக்கும். மையம் விலகி அடிபட்டதில் தலையும் பூவும் இரண்டுமே விலகியிருக்கவேண்டும்.

தலையும் பூவும் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கிறது என்று சொல்பவர்கள் முதலில் அந்த நாட்டு வழக்கத்தைப் பார்க்கவேண்டும். அமெரிக்க நாணயத்தை இடவலமாகத் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக வரும், அதுவே இயல்பு. பிரிட்டன், யூரோ நாணயங்களில் நேராக வரும். இந்த இயல்பிலிருந்து நன்றாகவே விலகியிருந்தால்தான் பிழை.

சில பிழைகளுக்கு லென்ஸ்கூடத் தேவையில்லை. 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸில் வடிவமைப்பு மாறியபோது, வருடம் பூப்பக்கத்திலிருந்து தலைப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பழைய தலையச்சும் புதிய பூவச்சும் ஜோடி சேர்ந்ததில், இரு பக்கமும் வருடமே இல்லாத நாணயங்கள் வெளிவந்தன. 1983இன் 2 பென்ஸ் சிலவற்றில் டூ பென்ஸ் என்பதற்குப் பதில் பழைய நியூ பென்ஸ் என்ற வாசகமே வந்தது. இவற்றில் பார்க்கவேண்டியது வாசகமும் வருடமும்தான்.

இதற்கு நேரெதிர் 1937ஆம் ஆண்டு டென்வரில் அடித்த மூன்று கால் எருமை ஐந்து சென்ட். அச்சுகள் ஒன்றோடொன்று மோதியதால் விழுந்த தழும்பைத் தேய்த்து எடுக்கும்போது எருமையின் முன்னங்கால் ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. சாதாரண நாணயத்தில் காலைச் சுரண்டிச் செய்த போலிகள் ஏராளம். காலை எண்ணிப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். எருமையின் வயிற்றுக்கடியிலிருந்து தரையை நோக்கி இறங்கும் சிறு மேட்டுப்புள்ளிகளின் வரிசையைத் தேடுங்கள். அது அந்த ஓர் அச்சில் இருந்த குறை. காலைச் சுரண்டத் தெரிந்தவரால் அந்தப் புள்ளிகளை எழுப்ப முடிவது அரிது.

படி 7: தேறிய நாணயத்தை என்ன செய்வது?

கழுவாதீர்கள். எலுமிச்சை, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கிய நாணயத்தில் சுழலும் ஒளி செத்துவிடும். படி 4இல் பார்த்த சாட்சியை நாமே அழித்ததாகிவிடும். ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். பி.வி.சி. கலக்காத உறையில் வைத்து, எடை, விட்டம், எந்தப் படியில் என்ன பார்த்தீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்துவையுங்கள்.

படம் எடுக்கும்போது இரு பக்கமும், பக்கவாட்டும், சந்தேகமான இடமும் தனித்தனியாக வேண்டும். விளக்கை இடமிருந்தும் வலமிருந்தும் மாற்றி இரண்டிரண்டு படம் எடுங்கள். ஒரே திசை ஒளியில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். அந்தப் படங்களை அனுபவமுள்ள இரண்டு மூன்று பேரிடம் காட்டிய பிறகே பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரம்பிரிக்கும் நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்டி அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். இயந்திர இரட்டையையும் சேதத்தையும் அவர்கள் பிழையாக ஏற்பதில்லை, கட்டணம் மட்டும் போய்விடும்.

முடிவுக்கு வர முடியாத நாணயங்கள் எனக்கும் உண்டு. அவற்றைத் தனி டப்பாவில் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். கண் பழகப் பழக, போன முறை இரட்டையாகத் தெரிந்தது இந்த முறை படிக்கட்டாகத் தெரிகிறது. அதைச் சில்லறையோடு சேர்த்துச் செலவழித்துவிடுகிறேன்.